மந்தின் முனியம்மா கேட்ட கேள்வி

என் அத்தை டாக்டர். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. மற்ற நாட்களில் சிரம்பானில் நோயாளிகளைப் பார்ப்பார். சனிக்கிழமை காலையில் வானொலியில் நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். லாபு பக்கம் எண்ணெய்க்குச் செம்பனை வளர்க்கும் எங்கள் தோட்டக் குடியிருப்பில் அந்த ஒரு மணி நேரம் யார் வீட்டுக்கும் யாரும் போக மாட்டார்கள். இன்றைக்கும் அத்தை பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

அவருடைய முதல் ரசிகர் அப்பா. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வானொலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுவிடுவார். நாங்கள் மூச்சு விட்டால்கூட, "சும்மா இருங்க லா, டாக்டர் பேசறாங்க" என்று அதட்டுவார். அதே டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அதையே சொன்னால் காதில் ஏறாது. வானொலியில் 'அவங்க'; வீட்டில் 'அவ'. மூக்கு ஒழுகத் தன் பின்னால் சுற்றிய தங்கைக்கு வைத்தியம் தெரியும் என்று ஒப்புக்கொள்வதில் அவருக்கு அப்படி என்ன கஷ்டமோ!

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பாவின் உள்ளங்காலில் செம்பனை முள் ஏறியது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவருக்கு முள்ளெல்லாம் ஒரு பொருட்டா? ஆனால் அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசப் பூசப் புண் பெரிதானதே தவிர ஆறவில்லை. அத்தை வந்து பார்த்தார். "அண்ணே, இன்னிக்கே கிளினிக் போவணும். இப்படியே விட்டா கால எடுக்க வேண்டி வரும்" என்றார். "நீ போயி டீ குடி" என்றார் அப்பா. அத்தை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவின் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன். தங்கை சொல்லிக் கேட்காதவர், வானொலி டாக்டர் சொன்னால் கேட்பார் அல்லவா? நிலையத்தில் யாரோ பெயரும் ஊரும் கேட்டுவிட்டு இணைப்பைக் கொடுத்தார்கள். வாயில் கைக்குட்டையை வைத்துக் குரலைக் கட்டையாக்கினேன்.

"வணக்கம் டாக்டர். மந்தின்லேர்ந்து முனியம்மா பேசறேன். என் வீட்டுக்காரருக்குக் கால்ல முள்ளு குத்திருச்சு. இனிப்பு நீர் வேற. கிளினிக் போவ மாட்டேங்கறாரு."

அத்தை, "ஒங்க வீட்டு ரேடியோ சத்தம் இங்க கேக்குதும்மா. கொஞ்சம் கொறைச்சிட்டுப் பேசுங்க" என்றார்.

நான் கைக்குட்டையை எடுத்துவிட்டு, கூடத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"அப்பா! ரேடியோவ அடைங்கப்பா!"

வீட்டுக்குள் சத்தம் சட்டென்று நின்றது.

நாடு முழுக்கக் கேட்ட அந்த 'அப்பா' எனக்கு உறைக்கவே இல்லை. கைக்குட்டையை மறுபடி வைத்துக்கொண்டு முனியம்மா ஆகிவிட்டேன். "டாக்டர், அவரு காலு போயிருமா?" அதைக் கேட்கும்போது மட்டும் நடிக்க முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன்.

"இன்னிக்கே காட்டினா ஒன்னும் ஆவாதும்மா" என்றார் அத்தை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் அப்பா சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "டாக்டர் சொல்லிட்டாங்க, கிளினிக் போவணும்" என்றார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கால் பிழைத்தது. புண் ஆறிய ஞாயிற்றுக்கிழமை அத்தை கோழிக்கறி சமைத்து எடுத்து வந்தார். "மந்தின்ல யாரோ முனியம்மாவாம். அவ வீட்டுக்காரன் குடுத்து வச்சவன்" என்று அப்பா சொல்ல, அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. என் திருட்டுத்தனம் பலித்த பூரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

டாக்டர் வானொலியில் சொன்ன ஒரு வார்த்தைக்கு அப்பா எப்படிக் கட்டுப்பட்டார் என்று பல வருடம் பெருமையடித்துத் திரிந்தேன். வானொலியை அடைத்துவிட்ட அப்பாவுக்கு அந்த வார்த்தை கேட்டிருக்கவே முடியாது, பலகைச் சுவருக்கு வெளியே நான் அழுததுதான் கேட்டிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.