நேற்றைய டப்பா

சொல்லவே குமட்டுகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில், எங்கள் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து, மூளையின் கவனத்தை வளர்க்கும் பழக்கங்களைப் பற்றி ஒரு வீடியோ பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். தினமும் செல்போன்தான் எனக்குத் தொட்டுக்கொள்ள.

“அண்ணாத்தே, இன்னாத்த துன்னுகினு கீற? நாத்தம் கொடலப் புடுங்குது!” எதிரே இருந்த வெல்டர் மூக்கைப் பொத்தினார்.

குனிந்து பார்த்தேன். நான் திறந்திருந்தது நேற்றைய டப்பா. நேற்று நண்பர் பிரியாணி வாங்கித் தந்ததால் தொடாமல் பையிலேயே விட்டது. சாம்பார் சாதம் நூல்நூலாக இழுத்தது. பாதியை விழுங்கியிருந்தேன். சீ! குழாயடிக்கு ஓடி வாந்தியெடுத்தேன்.

சாயங்காலம் இரண்டு டப்பாவையும் மனைவியிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்ப இத்தனை வருஷமா ‘சாப்பாடு சூப்பர்’னு சொன்னதெல்லாம்?”

ஊசிப்போன சோற்றைக் கக்கிவிட்டேன். அந்தப் பொய்களை எங்கே போய்க் கக்குவது?