படத்தில் பதினேழு தலைகள்

1986 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது பத்து, மழைத்தூறல். வட்டுக்கோட்டையில் பெரியக்காவின் பெட்டகத்தைத் திறந்ததும், பூச்சி உருண்டை மணத்தோடு, நான் பிறப்பதற்கு முன் எடுத்த குடும்பப் படம் கையில் வந்தது. பின்னால் எங்கள் பழைய வீட்டின் சங்கடப்படலை, இன்று இல்லாத அந்தக் கூரை வேய்ந்த வாசல். சின்ன வயதில், பொழுதுபட, அம்மா அங்கே நின்று எங்களை எண்ணுவார். ஐந்து அக்காமாரும் நானும் உள்ளே வந்த பிறகும் படலையைச் சாத்தாமல் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்குக் கணக்கு வராது என்றே நினைத்திருந்தேன்.

படத்தில் பதினேழு தலைகள். அம்மாவின் சேலையருகே வெள்ளையாகப் பூஞ்சணம். ஈரத்துணியால் தேய்த்தேன். பெரியக்கா பதறினார்.

"தேய்க்காதையடா! அது உன்ரை அண்ணை!"

"எனக்கு அண்ணை எங்கையக்கா?"

"நீ பிறக்க முன்னம் காய்ச்சலிலை போனவன். அம்மா பேரெடுக்க விடமாட்டா. படம் பிடிக்கேக்கை அசையாமல் நிண்டால்தானே! தலையை ஆட்டிக்கொண்டே நிண்டான், குரங்கு. அதுதான் முகம் புகையா விழுந்திட்டுது."

குனிந்து பார்த்தேன். அந்த வெள்ளைப் புகைக்குக் கீழே, தண்டை போட்ட இரண்டு சின்னக் கால்கள் அவ்வளவு தெளிவாக நின்றன. நான் தலைகளை மட்டுமே எண்ணியிருந்தேன். அம்மாவின் கணக்கில் பிழையில்லை.

என் துப்புரவுக்குக் கொடுத்த விலை: அந்தப் புகையில் முகம் இருந்த இடம் ஒரு விரலகலம் அழிந்துபோயிருந்தது.