மலத்தில் ரத்தம்: இல்லை

குடல் அழற்சி எனக்குப் பழைய சிநேகிதம். சென்ற ஆண்டு மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறவே மூச்சு வாங்கியது. மருத்துவமனைக்குப் போனேன்; அங்கே தந்த படிவத்தில் ‘மலத்தில் ரத்தம் போகிறதா?’ என்று கேட்டிருந்தார்கள். வெட்கப்பட்டு ‘இல்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த நர்ஸம்மா சிரித்தார். “சார், உடம்புல பாதி ரத்தத்தைக் காணோம். களவு போயிருச்சுன்னு போலீஸ்ல சொல்லவா?”

“ஆறு மாசமா போகுதும்மா” என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

“இதச் சொல்லவா இம்புட்டு நாளு?”

அன்றே டாக்டர் நரம்பு வழியே இரும்புச்சத்து ஏற்றச் சொன்னார். அது சொட்டுச் சொட்டாக இறங்கும்போது யோசித்தேன். தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள், ‘தவறான விவரம்’ என்று எழுதி மனுக்களைத் தள்ளியவன் நான். மனு கொடுத்தவர்களில் எத்தனை பேர் என்னைப் போல வெட்கத்தால் தவறாக எழுதினார்களோ! ஒருவரையும் உட்காரவைத்து நான் கேட்டதில்லை.