வாலில்லாத மயில்

என் அலமாரியில் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பாய் இருக்கிறது. படுக்கிற பாய் இல்லை; முறத்தின் அகலம்தான் இருக்கும். மேலே கட்டம் போட்டு, பசை தடவியிருக்கும். அட்டை வெட்டும் மெஷினுக்குள் அட்டை நகராமல் இருக்க இதில் ஒட்டித்தான் உள்ளே விடவேண்டும். அதன் நடுவில் நீல நிறத்தில் ஒரு மயில் தோகை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோகை மட்டும்தான்.

மெஷின் என் மருமகளுடையது. போனில் படம் வரைந்து விட்டால் அது தானாகவே பூவாகவும் கொடியாகவும் வெட்டித் தரும். அதை மடித்த அட்டையில் ஒட்டி, கல்யாணத்துக்கு, பொங்கலுக்கு, பிறந்தநாளுக்கு என்று வாழ்த்து அட்டை செய்வாள். பள்ளிபாளையத்தில் பேப்பர் மில் வாசத்திலேயே குடியிருந்துகொண்டு, அட்டை வாங்க மட்டும் பாலம் தாண்டி ஈரோட்டுக்கு வண்டியில் போவாள். "காயிதம் வெட்ட ஒரு கத்திரி போதாதா?" என்று ஆரம்பத்தில் நான் நொடித்திருக்கிறேன். "கத்திரியில மயில் தோகையை வெட்டிப் பாருங்க அத்தை, அடுத்த பொங்கலுக்குத்தான் முடியும்" என்பாள்.

அவள் வெட்டிக் கொடுத்தால், ஓட்டைகளில் தங்கும் பொடித் துண்டுகளை ஊசியால் குத்தி எடுப்பது என் வேலையாயிற்று. நான் ஐந்தாவது வரை படித்தவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். அவளோடு மெஷின் இருந்த மேசையில் உட்கார்ந்தபோது பேசிய அளவு என் ஆயுளில் யாரோடும் பேசியதில்லை. பாயிலிருந்து உரிக்கிற வேலையை மட்டும் எனக்கு அவள் கொடுத்ததேயில்லை.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில்கூட ஒரு மயிலை வெட்டிப் பாயோடு மேசையில் வைத்தாள். "வந்து உரிச்சுக்கறேனுங்க" என்றவள், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஊருக்கே கார்டு செஞ்சு குடுத்தேன், எனக்கு ஒருத்தரும் குடுத்ததில்லீங்க அத்தை. நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க."

"எங்கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும், போ சாமி."

"கிளறட்டுமுங்க. நம்மூட்டுக் கோழிதானுங்களே."

மூன்று வாரமாகியும் அவள் வரவில்லை. அந்த மயிலையே எடுத்து அவளுக்கு ஒரு அட்டை செய்யலாம் என்று உட்கார்ந்தேன். காய்ந்து இறுகிப் பிடித்திருந்தது. துணியில் ஊற்றிய வடகம் விடாவிட்டால் பின்பக்கம் தண்ணீர் தெளிப்போமே, அந்தக் கை வழக்கத்தில் அட்டை மேல் தண்ணீர் தெளித்துவிட்டேன். அட்டை ஊறியது. இழுத்தபோது உடம்பு மட்டும் கையோடு வந்தது. தோகை பாயிலேயே தங்கிவிட்டது. வாலில்லாமல் அது அசல் கோழி போலவே இருந்தது. அவள் பார்த்தால் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்து நானே சிரித்தேன். உலர்த்தி, சோற்றுப் பருக்கையால் மடித்த அட்டையில் ஒட்டினேன். காலண்டர் தாளில் நாலு தடவை எழுதிப் பழகிவிட்டு, உள்ளே எழுதினேன்: "சாமி, சீக்கிரம் ஊட்டுக்கு வா. உன் அத்தை."

மஞ்சள் பையில் பிளாஸ்கோடு அதையும் வைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலைச் சுற்றி அவளுடைய அம்மா, அண்ணன்மார், சித்தி எல்லோரும் நின்றார்கள். நான் சுவரோரம் நின்றேன். பையை நெஞ்சோடு பிடித்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"பையில என்னங்க அத்தை?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்லெ சாமி, துண்டு" என்றேன்.

அவள் பையையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக்குக் கூட்டமில்லாதபோது கொடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தேன். மறுநாள் காலையில் பிளாஸ்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது மகன் போன் செய்து, "அம்மா, நீ வர வேண்டாம். நாங்களே வாரோம்" என்றான்.

கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தபோதும் அட்டை என் முந்தானைக்குள்தான் இருந்தது. அவள் கைக்கடியில் வைத்திருக்கலாம். என்ன காயிதம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அன்றைக்கும் கூச்சப்பட்டேன். அந்த ஒன்றுக்கு மட்டும் என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அது என் பையில் இருந்தது.

போன மாதம் மகன் மெஷினை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தான். பாயையும் சுத்தம் செய்து கொடுக்கலாம் என்று தோகையை நகத்தால் சுரண்டப் போனான். "அதைத் தொடாதே!" என்று கத்திவிட்டேன். நான் கத்தி அவன் கேட்டதே இல்லை. பாயை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அலமாரியில் பாயின் மேல் அந்த அட்டையை வைத்திருக்கிறேன். பாயில் தூசி படிந்து பசை போய்விட்டது. இப்போது தொட்டால் விரலில் ஒட்டுவதில்லை. தோகை மட்டும் இன்னும் விடவில்லை.