அந்த லைட் சலீம் பாய் போட்டது இல்லை

சலீம் பாய் போய்விட்டார். நேற்று காலை, மாரடைப்பு... ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

இரும்புலியூர் சர்வீஸ் ரோட்டில் லாரிக்கு லைட், ஹார்ன், டயர், ஸ்டிக்கர் என்று சகலமும் போட்டுக் கொடுத்த அதே சலீம் பாய்தான். ஏழு வருஷமாக என் லாரி அலங்காரம் எல்லாம் அவர் கைதான்.

எங்கள் லாரி ஓனர்கள் குரூப்பில் நேற்றிலிருந்து அஞ்சலி ஓடுகிறது. நடுவில் ஒரு மகராசன் எழுதியிருக்கிறார், "யாரு, அந்தக் குருட்டு லைட் பாயா?" என்று. அதற்குப் பதினோரு பேர் சிரிப்பு எமோஜி வேறு.

சிரிங்கப்பா. சிரித்து முடித்துவிட்டு இதையும் படியுங்கள்.

பாய் கடைக்கு எதிரே சுவரோரமாக ஒரு பழைய மொபெட் நிற்கும். எஞ்சின் கிடையாது, சீட்டும் ஹேண்டில்பாரும் மட்டும்தான். யார் வண்டிக்கு லைட் போட்டாலும் அந்த ஓனர் அதில் ஏறி உட்கார வேண்டும். பாய் லாரி லைட்டைப் போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் நின்று கையைத் தூக்குவார்.

"எத்தினி விரல்?"

சரியாகச் சொல்லவில்லை என்றால் வண்டி வெளியே போகாது. ஸ்குரூவைத் திருகித் திருகி லைட்டை இறக்கிக்கொண்டே இருப்பார்.

முதல் தடவை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஏறி உட்கார்ந்தபோது ரோட்டில் போன பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "என்ன பாய், லாரி ஓனரை மொபெட்ல உக்கார வெச்சு அசிங்கப்படுத்துறீங்க?" என்றேன்.

"எதிர்ல வர்றவன் லாரிலயா வரான் ஓனரம்மா? இதுலதான் வந்துகினு கீறான்" என்றார்.

இன்னொன்று... எஃப்.சி. சமயத்தில் நாங்கள் செய்வது ஓனர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வண்டியைச் சோதனைக்குக் காட்டும் முன்பு எக்ஸ்ட்ரா லைட், ஹார்ன், சாமி போர்டு எல்லாவற்றையும் கழற்றி, சாக்கில் கட்டி பாய் கடையில் போட்டுவிடுவோம். சான்றிதழ் வந்ததும் திரும்ப மாட்டிக்கொள்வோம். ஆமாம், செய்தோம்.

சாக்கின் மேல் வண்டி நம்பரின் கடைசி நாலு எண்ணை மட்டும்தான் பாய் எழுதுவார். ஒரு தடவை அதே நாலு எண்ணோடு இன்னொரு லாரியும் வந்துவிட்டது. என் லாரி "குன்றத்தூர் முருகன் துணை" என்று போட்டுக்கொண்டு மறைமலை நகர் ஃபேக்டரிக்குப் போய் வந்தது. என் "மாதா துணை" போர்டு வேறு எங்கேயோ ஜல்லி ஏற்றிக்கொண்டிருந்தது.

கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். மனுஷன் பதறவே இல்லை.

"ரெண்டு பேரும் நாலு நாள் டியூட்டி மாத்திக்கினாங்க. இப்போ இன்னா, வண்டி நல்லாத்தானே கீது?"

சிரித்துத் தொலைத்தேன், வேறு என்ன செய்ய.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ரெண்டு வருஷம் முன்னால், கேபினுக்கு மேலே வெள்ளை எல்.இ.டி. பார் வேண்டும் என்று பாயிடம் கேட்டேன். மற்ற வண்டியெல்லாம் ஜொலிக்கும்போது என் வண்டி மட்டும் சோனியாகத் தெரிவதா என்ற வீம்பு. பாய் முடியவே முடியாது என்றார்.

"அத்த மாட்னா மொபெட்காரனுக்கு விரல் இன்னா, என் கையே தெரியாது."

எனக்குக் கோபம். வேறொரு கடையில் போய் மாட்டிக்கொண்டேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள்... அடம்பிடித்து வாங்கியவள் நான்.

மூன்றே வாரம். மழை பெய்த ஒரு சாயங்காலம், முடிச்சூர் ரோட்டில் எதிரே ஸ்கூட்டரில் வந்த ஒரு டீச்சர் என் வண்டி வெளிச்சத்தில் கண் கூசி விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது.

கூடிய கூட்டம் என் லாரிக் கண்ணாடியில் இருந்த பாய் கடை ஸ்டிக்கரைப் பார்த்தது. போட்டோ எடுத்து எல்லா குரூப்பிலும் போட்டது. அன்றைக்கு வைத்த பெயர்தான் குருட்டு லைட் பாய்.

நான் வாயைத் திறக்கவில்லை. நானே அடம்பிடித்து மாட்டியது என்று தெரிந்தால் ஃபேக்டரி கேட்டில் என் வண்டியை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். கடைக்காரர் தப்பு என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் கடைக்கு வண்டிகள் வருவது பாதியானதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டீச்சர் விழுந்த மறுநாளே பார் லைட்டைக் கழற்றி, ஹெட்லைட்டைச் சரிசெய்து கொடுத்தவரும் பாய்தான். "நீங்க போடலைன்னு ஏன் பாய் சொல்லலை?" என்று கேட்டேன்.

"ஸ்டிக்கர் என்னுதுதானே ஓனரம்மா. டீச்சருக்கு மொதல்ல சரியாவட்டும், அப்பால பேசிக்கலாம்" என்றார். வழக்கம்போல் மொபெட்டைக் காட்டினார். உட்கார எனக்கு முகமில்லை.

"சரி, இன்னொரு நாள்" என்றார் பாய்.

அப்பால பேசவே இல்லை. அந்த இன்னொரு நாளும் வரவில்லை.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். அந்த லைட் சலீம் பாய் போட்டது இல்லை. அவர் மாட்டேன் என்றார், நான் போட்டேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபேக்டரி கேட்டுக்கும் அனுப்புங்கள். என் வண்டியை நிறுத்தினால் நிறுத்தட்டும்.

டீச்சர் வீட்டுக்கு இன்று காலை போய்ச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கதவைச் சாத்தவில்லை. உட்காரவும் சொல்லவில்லை... அது அவர் நியாயம்.

பதினோரு பேரும் அந்த எமோஜியை எடுத்துவிட்டு என் பெயருக்கு நேரே போடுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

இன்று சாயங்காலம் லாரியோடு கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் பாயின் தம்பி காதர் உட்கார்ந்திருந்தார். நேராகப் போய் மொபெட்டில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் ஹெட்லைட்டைப் போட்டார்.

காதர் எழுந்து வந்து லைட் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினார்.

நாலு விரல். நல்லாத் தெரிஞ்சுது பாய்... போய்ட்டு வாங்க.