எட்டு வயது உடம்பு

டிப்போவில் அவளுக்கு ‘டபுள் டெக்கர்’ என்று பெயர். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். உடம்பு கொஞ்சம் பெரிது. முதன்முதலாக அப்படிக் கூப்பிட்ட மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்து, “அப்போ மாடிக்கும் சேர்த்து ரெண்டு சம்பளம் வாங்கிக் குடுடா” என்றாள். அதோடு அந்தப் பெயரில் இருந்த விஷம் இறங்கிவிட்டது.

சின்ன வயதிலும் அவள் அப்படித்தான். வகுப்பில் மற்ற பெண்களுக்கு முன்பே அவள் உடம்பு வளர்ந்துவிட்டது. வீட்டில் பதறிப்போய்ச் சைக்கிளைப் பிடுங்கிச் சித்தப்பா மகனிடம் கொடுத்தார்கள். உடம்பு முந்திக்கொண்டது உடம்பின் காரியம். சைக்கிளைப் பிடுங்கியது வீட்டாரின் காரியம். இந்த இரண்டையும் அவள் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை.

இப்போது அவள் மகளுக்கு எட்டு வயது. அம்மாவைப் போலவே கொழுகொழுவென்று இருப்பாள். ஒருநாள் குளிப்பாட்டும்போது குழந்தையின் அக்குளில் முடி தெரிந்தது. வியர்வையிலும் பெரியவர்களின் வாடை. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“எடை கூட இருக்கிற பொண்ணுங்க சிலருக்கு, பெரிய மனுஷி ஆகறதுக்கு ரொம்ப முன்னாடியே சில ஹார்மோன் கொஞ்சம் ஏறிடும். இவளுக்கும் அப்படித்தான் தெரியுது. பட்டினி மட்டும் போடாதீங்க. இனிப்பைக் குறைங்க, நல்லா ஓடி விளையாடட்டும். அப்பப்போ கூட்டிட்டு வந்து வளர்த்தியைக் காட்டுங்க.”

வீட்டில் இதைக் கேட்ட அண்ணி, அதாவது புருஷனின் அக்கா, பாதியைத்தான் காதில் வாங்கினாள். இவள் வேலைக்குப் போகும் நாட்களில் சமையல் அண்ணியின் பொறுப்பு. கெட்டவள் அல்ல, பயந்தவள். பயந்தவள் கையில் கரண்டி அகப்பட்டால் பிள்ளைகள் பாடு திண்டாட்டம்தான். குழந்தையின் தட்டில் சோறு சுருங்கியது, சாயங்கால விளையாட்டும் நின்றது. கேட்டபோதெல்லாம், “அவளுக்கே பசியில்லையாம், விளையாடவும் பிடிக்கலையாம்” என்று அண்ணி மழுப்பிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னதைக் கேட்டுத்தான் இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “முன்னாடியெல்லாம் நான் கேள்வியை முடிக்கிறதுக்குள்ள கை தூக்கிடுவா. இப்போ பதில் தெரிஞ்சாலும் தூக்கறதே இல்லை.”

வீடு திரும்பும் வழியில் மகளிடம் கேட்டாள்.

“கை தூக்கினா முடி தெரியும்மா. கையை இறுக்கி வச்சுக்கோ, யாராவது பார்த்தா அசிங்கம்னு அத்தை சொன்னாங்க.”

 அன்றைக்குத் தன் சைக்கிளைத்தான் பிடுங்கினார்கள் என்றால், இப்போது மகளின் கையையே பிடுங்கப் பார்க்கிறார்களா?

“எனக்கும் இருக்குடி முடி. அதோடதான் தெனம் ஊரையே ஏத்திக்கிட்டுப் போறேன். இதுல அசிங்கம் ஒண்ணுமில்ல.”

வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அண்ணி, கொழந்தைகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?”

“நல்லதுக்குத்தானே சொன்னேன். நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“அந்த நாலு பேரும் என் பஸ்ஸுலதான் வர்றாங்க. நான் பார்த்துக்கறேன்.”

“எல்லாம் உன் உடம்புதான் அவளுக்கு!”

“ஆமா, என் உடம்புதான். அவ்வளவு பெரிய வண்டியை இந்த உடம்புதான் திருப்புது. நாளையிலிருந்து அவ விளையாடப் போவா. அவ தட்டுல இனிமே நீங்க அளவு பார்க்க வேண்டாம்.”

புருஷன் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டான். “பேப்பரை மடிங்க. இது உங்க பொண்ணு விஷயம்” என்றாள். மடித்தான்.

ராத்திரி எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். குழந்தை கையில்லாத பனியனோடு அப்பா பக்கத்தில் இருந்தாள். அண்ணி காய்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு, தம்பியை மட்டும் பார்த்து, “இன்னும் யாருக்கு வேணும்?” என்று கேட்டாள்.

குழந்தை அம்மாவைப் பார்க்கவில்லை. நேராக அத்தையின் முகத்தைப் பார்த்தபடி, முழங்கை மடங்காமல், கையை உச்சிக்கு மேலே தூக்கினாள்.

“எனக்கு.”