அட்டைப்படத்தில் அப்பாவின் அங்கி

ராக் பாட்டு புரிவதற்கு முன்பே அதன் அட்டைகள் எனக்குப் புரிந்துவிட்டன. நாங்கள் நாலு பேர், ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை, சேர்ந்து ஒரு இசைக்குழு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூஜுவாடியைத் தாண்டி பெங்களூர் போய்ப் பழைய சிடிகளைப் புரட்டுவோம். சிவப்புத் திரை, சிம்மாசனம், கொம்பு, முகம் முழுக்கச் சாயம். மற்ற மூவரும் வாயைப் பிளப்பார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும். இதைவிட நல்ல பேய் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

எங்கள் கோயிலில் பெரிய வாரத்தில் பாஸ்கா போடுவார்கள், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகம். இயேசுவாக நிற்க அடிதடி நடக்கும். சாத்தானாக வர ஒருவரும் அகப்படமாட்டார். வருஷம் முழுக்கத் தெருப் பிள்ளைகள் பேய் என்று கூப்பிடுமே! அப்பாதான் ஒவ்வொரு வருஷமும் ஒத்துக்கொள்வார். முதல் ஷிப்ட் முடித்து வந்து, கரியையும் குங்குமத்தையும் தேங்காயெண்ணெயில் குழைத்து, முகத்தில் பாதி கறுப்பும் பாதி சிவப்புமாகப் பூசிக்கொள்வார். அம்மா தைத்த கறுப்பு அங்கியை மேடையில் விரித்தாரென்றால் முன்வரிசைக் குழந்தைகள் வீறிடும்.

ஒருமுறை போட்டோக்காரர் அவரை அந்தக் கோலத்தில் எடுக்க வந்தார். பேய்ப் படம் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா மறித்துவிட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போனார்.

அவர் நெஞ்சுவலியில் போனபோது சுவரில் மாட்டக் கிடைத்தது கம்பெனி அடையாள அட்டையில் இருந்த படம்தான். திருடனைப் பிடித்து நிறுத்தியதுபோல் இருப்பார். அம்மா அதற்கு மாலை போடுவாள், நின்று பார்க்கமாட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து நாங்கள் ஆறு பாட்டுகள் பதிவு செய்தோம். சிடி அட்டைக்கு நாடகம்போல ஒரு படம் வேண்டும் என்றார்கள் மற்ற மூவரும். அம்மாவுக்குத் தெரியாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து அங்கியை எடுத்தேன். கோயில் மண்டபத்து மேடையைக் கேட்டபோது சாமியாரிடம் நாடக விஷயம் என்றேன், பாதி உண்மை. கண்ணாடி முன்னால் நின்று அப்பா பூசுவதைப் போலவே பூசினேன். அவர் இருந்திருந்தால் எவ்வளவு குஷியாகியிருப்பார் என்று நினைத்து அழுகை வந்தது, சாயம் கலையுமே என்று அடக்கிக்கொண்டேன்.

படத்தை அம்மா கண்ணில் காட்டக்கூடாது என்று இருந்தேன். ஒரு பேய்ப் படத்தைத் தடுத்தவளிடம், செத்தவர் துணியைப் போட்டு நூறு பேய்ப் படம் அடித்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்துக்காரர், நான் ஷிப்டில் இருந்தபோது, அச்சடித்த அட்டைக் கட்டை நேராக வீட்டிலேயே கொடுத்துவிட்டார்.

நான் வந்தபோது கட்டு பிரிந்து கிடந்தது. அம்மா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அடிதான் விழப்போகிறது என்று வாசலிலேயே நின்றேன்.

"உங்கப்பாரு இடது கால முன்ன வெச்சு நிப்பாரு," என்றாள். "நீ மாத்தி நிக்கற."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

"அன்னைக்கு எடுக்க உட்டிருக்கலாம்," என்றாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு அதைத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இசைக்குழு கலைந்து பல வருஷம் ஆகிறது. விற்காத சிடிகள் ராயக்கோட்டைப் பக்கம் நண்பனின் தக்காளித் தோட்டத்தில் பறவை விரட்டத் தொங்கின. அந்த ஆறு பாட்டில் ஒன்றைக்கூட அம்மா கேட்டதில்லை. ஆனால் அட்டை இன்னும் புத்தகத்துக்குள் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டி.

போன மாதம் ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒரு அக்கா அதைப் பார்த்துத் திடுக்கிட்டு, இது உங்கள் மகன்தானே என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இல்ல," என்றாள் அம்மா. "எங்க வீட்டுக்காரரு."